எதற்காகக் கும்பிடுகிறோம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "பம்ப் செட் பத்திப் பேசுங்க, இல்லீன்னா பசங்களுக்கு வேலைவாய்ப்பு பத்திப் பேசுங்க" என்றார். நான் 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனதிலிருந்து பம்ப்போடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அதைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இந்த மாதிரிக் கூடல்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் உண்மையில் என்ன பேசிக்கொள்கிறோம்? முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம். அடுத்தது பிள்ளைகள் படிப்பு. மூன்றாவது, யார் யார் எந்தக் கோயிலுக்குப் போய்வந்தார்கள் என்பது. "சபரிமலைக்கு மாலை போட்டா அந்த 41 நாளும் உடம்பு நல்லா இருக்குதுப்பா" என்பார் ஒருவர். "நான் எந்தக் கோயிலுக்கும் போறதில்ல, எனக்கும் நல்லாத்தான் இருக்குது" என்பார் பக்கத்தில் இருப்பவர். இந்தப் பட்டிமன்றம் தீர்ப்பு இல்லாமலே வருடா வருடம் நடக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடவுள் உண்டா இல்லையா என்பது என் தலைப்பு அல்ல. ஈரோட்டில் பெரியார் பிறந்தார். அதே ஈரோடு மாவட்டத்தில்தான் பங்குனி மாதம் பண்ணாரி அம்மன் கோயிலில் விடியற்காலையிலேயே குண்டம் இறங்க லட்சக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டையும் ஒரே மண்ணில் வைத்துக்கொண்டு சண்டை இல்லாமல் வாழத் தெரிந்தவர்கள் நாம். என் கேள்வி அதைவிடச் சின்னது. சாமி கும்பிடுவது மனிதனுக்கு நல்லது செய்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: அவர் எதற்காகக் கும்பிடுகிறார்?

நம் பக்கத்துக் கோயில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதமலைப் படியில் ஒரே வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி கை கூப்புகிறார்கள், ஒரே திருநீற்றைப் பூசுகிறார்கள். முதல் ஆள் பயத்தில் வந்திருக்கிறார். வராவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். இரண்டாவது ஆள் பேரம் பேச வந்திருக்கிறார். இடம் விற்றுக் கொடுத்தால் மொட்டை போடுகிறேன் என்கிறார். மூன்றாவது ஆளை அவர் வீட்டார் அனுப்பியிருக்கிறார்கள். போகாவிட்டால் சொந்தபந்தம் என்ன சொல்லும்? நான்காவது ஆளுக்கு வெறும் பழக்கம். செவ்வாய்க்கிழமை ஆனால் வண்டி தானாகவே திரும்புகிறது. ஐந்தாவது ஆளுக்கு அங்கே நிற்பதே பிடித்திருக்கிறது. அந்த அரை மணி நேரம் அவருடையது. வெளியே இருந்து போட்டோ எடுத்தால் ஐந்து படமும் ஒன்றுதான். உள்ளே ஐந்தும் வேறு வேறு.

நம் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. மோட்டாரும் பம்ப்பும் ஒரே பேஸ் பிளேட் மேல் உட்கார்ந்திருக்கும், நடுவில் கப்ளிங். இரண்டு ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வரத்தான் செய்யும். தோட்டத்துக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பேரிங் மேல் கை வைத்துப் பாருங்கள், சுடும். அதிர்வு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் பேரிங் போய்விடும். செய்கிற காரியமும் மனசும் நேர்கோட்டில் இல்லாத பக்தியும் இப்படித்தான் ஓடுகிறது என்பது என் எண்ணம். பூஜை நடக்கும்; பேரிங் சூடாகிக்கொண்டிருக்கும்.

இது என் கற்பனை மட்டும் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கார்டன் ஆல்போர்ட் என்று ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தார். தனிமனிதனுக்கும் மதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1950-ல் ஒரு புத்தகமே எழுதியவர். அவரை ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம், போகாதவர்களைவிடச் சராசரியாக இனவெறுப்பு அதிகமாக இருந்தது. அன்பைப் போதிக்கும் இடத்துக்குப் போய்வருகிறவர்களிடம் இது எப்படி? 1967-ல் மைக்கேல் ராஸ் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போகிறவர்களை ஒரே கூட்டமாகப் பார்க்காமல், போவதன் நோக்கத்தை வைத்துப் பிரித்தார். அந்தஸ்து, பாதுகாப்பு, தொடர்புகள் ஆகியவற்றுக்காக மதத்தைக் கருவியாக வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். மதத்தையே வாழ்க்கையின் அச்சாக வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். வெறுப்பு முதல் பக்கத்தில் அதிகமாகவும் இரண்டாம் பக்கத்தில் குறைவாகவும் இருந்தது. கேள்வித்தாளில் இரண்டு பக்கக் கருத்துகளுக்கும் தலையாட்டியவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களிடம்தான் வெறுப்பு எல்லோரையும்விட அதிகம்! எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்களை நம் ஊரிலும் பார்க்கிறோம், இல்லீங்களா?

அடுத்து 1971-ல் எட்வர்ட் டெசி என்பவர் செய்த ஒரு சோதனை. கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டுப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்தார். ஒரு குழுவுக்குப் புதிரைத் தீர்த்தால் காசு. இன்னொரு குழுவுக்குக் காசு கிடையாது. பிறகு காசை நிறுத்தினார். காசு வாங்கிப் பழகியவர்களுக்கு ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டைகளைத் தொடும் ஆசை குறைந்துபோயிற்று. தானாகப் பிடித்துச் செய்த காரியத்துக்குக் கூலி வைத்தால் பிடித்தம் தேய்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். மாணவர்களே, மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த பாடம் தேர்வு முடிந்த மறுநாளே எங்கே போகிறது என்று யோசியுங்கள். உங்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.

டெசியோடு சேர்ந்து வேலை செய்த ரிச்சர்ட் ரயன் என்பவர் 1993-ல் தம் சகாக்களோடு இதைக் கடவுள் வழிபாட்டுக்கே கொண்டுபோனார். கிறிஸ்தவ மாணவர்களையும் திருச்சபை உறுப்பினர்களையும் கேட்டார்கள்: நீங்கள் எதற்காக ஜெபம் செய்கிறீர்கள், எதற்காகத் தேவாலயம் போகிறீர்கள்? போகாவிட்டால் குற்ற உணர்ச்சி வாட்டும், மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பது ஒரு வகைப் பதில். எனக்கு அது முக்கியம், அதில் நிறைவு இருக்கிறது என்பது இன்னொரு வகை. இரண்டாம் வகையினரிடம் மன அமைதியும் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தன. முதல் வகையினரிடம் பதற்றமும் சோர்வும் கூடுதல். முதல் வகையை விழுங்கிய உணவு, இரண்டாவதைச் செரித்த உணவு என்று வைத்துக்கொள்ளலாம். விழுங்கியதும் வயிற்றில்தான் இருக்கிறது. ஆனால் உடம்பில் ஒட்டுவதில்லை, வயிற்றைத்தான் வலிக்கிறது.

நீங்கள் எஞ்சினியர்கள், சும்மா விடமாட்டீர்கள். "மனசு நல்லா இருக்கிறவன்தானே நிறைவுன்னு பதில் சொல்லுவான்? எது காரணம், எது விளைவு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஆய்வுகள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றன. காரணத்தை முழுதாக நிரூபிக்கவில்லை. தவிர, அமெரிக்கக் கிறிஸ்தவர்களை வைத்துச் செய்த அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பழனி அடிவாரத்தில் வைக்க முடியுமா என்பதும் ஒரு கேள்வி.

ஏனென்றால் அந்த அளவுகோலில் "கேட்பது" ஒரு மட்டு கீழே போய்விடுகிறது. நமக்கோ கேட்பதுதான் ஆரம்பமே. நேர்த்திக்கடன் இல்லாத கொங்கு வீடு உண்டா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிகிறோம். மாரியம்மனுக்குப் பூவோடு எடுக்கிறோம். இதையெல்லாம் வெறும் பேரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

போர் போடுவதைப் பாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்க யாராவது தேங்காய் உடைக்கிறோமா? கிடையாது. ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டி தோட்டத்தில் வந்து நின்றதும் என்ன நடக்கிறது? உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஆயிரம் அடி போகிறது. அடிக்கு இவ்வளவு என்று கடன் வாங்கிய பணம் போகிறது. வெறும் புழுதிதான் வருகிறது. அந்த நேரத்தில் அந்த விவசாயி கையில் வேறு என்ன இருக்கிறது? முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியல் அறிஞர் இதையேதான் கண்டார். கரையோரக் காயலில் மீன் பிடிக்க அந்த மக்கள் மந்திரம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவாகச் சடங்கு செய்தார்கள். தன் கைக்கு எட்டாத இடத்தில் மனிதன் கை கூப்புகிறான். கூப்பிய கை நடுங்குவது கொஞ்சம் நிற்கிறது. அது சின்ன உதவி இல்லை.

இனி நம் நாட்டு ஆய்வு ஒன்று. இன்று பிரயாக்ராஜ் என்று அழைக்கப்படும் அலகாபாத்தில் வருடந்தோறும் மாக மேளா நடக்கிறது. கல்பவாசிகள் என்ற யாத்திரிகர்கள் ஒரு மாதம் கங்கைக் கரையில் கூடாரத்தில் தங்குகிறார்கள். உறைபனிக் குளிர், இரவு பகலாக ஒலிபெருக்கி, கூட்டம், வசதிக் குறைவு. டாக்டர்களைக் கேட்டால் உடம்புக்கு ஆகாது என்றுதான் சொல்வார்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் உள்ள ஆய்வாளர்கள் 416 யாத்திரிகர்களையும், போகாமல் ஊரிலேயே இருந்த 127 பேரையும் மேளாவுக்கு முன்னும் பின்னும் விசாரித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். போகாதவர்களோடு ஒப்பிட்டால், போய்வந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்தும் அல்ல, கூட்டத்தோடு ஒருவராக இருந்ததால் வந்த பலன் அது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இன்னொன்று நம் தமிழர்களைப் பற்றியே. மொரீசியஸ் தீவில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறையோடு நடக்கும் பெரிய திருவிழா. அங்கே தமிழ் வழி வந்தவர்கள் அலகு குத்திக் காவடி எடுத்து, வெயிலில் நடந்து மலைக்கோயில் ஏறுகிறார்கள். டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற கிரேக்க நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவும் பக்தர்கள் உடம்பில் அளவுக் கருவிகளைக் கட்டிப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். உடம்புக்கு நீடித்த கெடுதல் தெரியவில்லை. அதிக அலகு குத்திக்கொண்டவர்கள், பிறகு தங்கள் வாழ்க்கை நலம் அதிகமாக உயர்ந்ததாகச் சொன்னார்கள். அதைவிட என்னைத் தொட்டது வேறு. அதிக வலியைத் தேடிப் போனவர்கள் யார் தெரியுமா? நாட்பட்ட நோய் உள்ளவர்களும், வருமானத்திலும் அந்தஸ்திலும் கீழே இருந்தவர்களும்தான். வேறு கதவு இல்லாதவர்கள் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அது சிறிய ஆய்வுதான்; அதை வைத்து யாரையும் அலகு குத்தச் சொல்ல முடியாது. ஆனால், கேட்கப் போகிறவரைப் பேராசைக்காரர் என்று நினைப்பதற்கு முன் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆக, இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கின்றன. பேரமும் பயமும் மனதைச் சுடும் என்கிறது ஒன்று. கேட்டுக்கொண்டு போனவர்கள் நலமாகத் திரும்புகிறார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டும் எப்படிப் பொருந்தும்? இதற்கு நான் புத்தகத்தில் பதில் தேடவில்லை. எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். தை மாதம் பிறந்துவிட்டால் பச்சை வேட்டி கட்டிக்கொள்வார். எங்கள் ஊர்க் குழுவோடு பொள்ளாச்சி, கோமங்கலம், உடுமலை, மடத்துக்குளம் என்று பழனிக்கு நடந்துபோவார். கொப்புளம் வெடித்த காலோடு வந்து, பஞ்சாமிர்த டப்பாவை எங்களிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவார். எதற்காக நடக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

2015 ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. "அப்பா எழுந்து நடந்தால் வருஷா வருஷம் நடந்து வருகிறேன்" என்று நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். 2016 தைப்பூசத்துக்கு அப்பாவின் இடத்தில் நான் நடந்தேன். அந்த நடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது நடையே அல்ல. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் வங்கித் தவணை மாதிரி எண்ணினேன். இவ்வளவு கட்டியாயிற்று, இன்னும் இவ்வளவு பாக்கி. பக்கத்தில் யார் நடந்தார்கள், என்ன பாடினார்கள், ஒன்றும் தெரியாது. சண்முக நதியில் குளித்தபோதுகூடக் கணக்குதான் ஓடியது. வந்த பிறகும் தூக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் வலது கையைத்தான் பார்த்தேன்.

அந்த வருடம் ஆடியில் அப்பா போய்விட்டார்.

துக்க வீடு, ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். அதனால் 2017 தைப்பூசத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கோபம் இருந்தது. நான் என் பங்கைக் கட்டிவிட்டேன், எதிர்த் தரப்பு கட்டவில்லை, ஒப்பந்தம் முடிந்தது என்ற கோபம். அம்மாவோ சாயங்காலம் ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டே இருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "அத்தனை வேண்டியும் ஒண்ணும் நடக்கலையே, இன்னும் எதுக்கும்மா கும்பிடறீங்க?"

அம்மா திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்: "உங்கப்பாவுக்கு நல்லாச்சுன்னாக் கும்புடுவேன், இல்லீன்னா உட்டுருவேன்னு நான் எப்பங் கண்ணு சொன்னேன்?"

அம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆல்போர்ட் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அம்மாவும் அப்பாவுக்காக அழுது வேண்டியவர்தான். என்னைவிட அதிகமாக வேண்டியிருப்பார். ஆனால் அவருடைய வேண்டுதலுக்குக் கீழே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுதல் விழுந்தபோது அது விழவில்லை. என் வேண்டுதலுக்குக் கீழே எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சாமியிடம் ஒரே காரியத்தைத்தான் கேட்டோம். கேட்டது கிடைக்காத அந்த வருடத்தில் அம்மாவின் வழிபாடு அம்மாவைத் தாங்கியது. என்னுடையது என்னை இன்னும் கீழே அழுத்தியது.

2018 தையில் எனக்கு எந்த நேர்த்தியும் இல்லை. கேட்க ஒன்றும் இல்லை, கட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் குழு கிளம்பும்போது நானும் பையைத் தூக்கினேன். "வேண்டுதல் ஒண்ணும் இல்லையே கண்ணு, எதுக்குப் போற?" என்றார் அம்மா. "தெரியலீம்மா, போகோணும்னு இருக்குது" என்றேன். அந்த முறைதான் ரோட்டோரத் தென்னந்தோப்பைப் பார்த்தேன். விடியற்காலைப் பனியில் சுக்குக் காபி கொடுத்தவரின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவோடு இருபது வருடம் நடந்த ஒரு பெரியவர், மடத்துக்குளத்தில் அமராவதிப் பாலத்தைத் தாண்டும்போது, "இந்த இடத்துக்கு வந்தா உங்கப்பன் ஒரு பாட்டுப் பாடுவானுங்க தம்பி" என்றார். அப்பா பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் எதற்காக நடந்தார் என்பதில் ஒரு சிறு பகுதி அந்தப் பாலத்தில் எனக்குக் கிடைத்தது. ஊர் திரும்பி நன்றாகத் தூங்கினேன். ஒரு ஆள் அனுபவம் புள்ளிவிவரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு முடிந்த வருடமெல்லாம் நடக்கிறேன்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பயமோ, பேரமோ, ஊர் வாயோ, எந்தக் காரணத்தோடும் ஒருவர் வாசற்படி ஏறலாம். நம் முன்னோர்கள் யாரையும் காரணம் கேட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஏறிய காரணத்திலேயே ஒருவர் கடைசிவரை நின்றுவிட்டால் அது சுடும். நடக்க நடக்கக் காரணம் மாற வேண்டும். கூட நடப்பவர்களும், கூடச் சமைப்பவர்களும், பாடுபவர்களும்தான் அதை மாற்றுகிறார்கள். மாக மேளாவில் ஒரு மாதம், சபரிமலைக்கு 41 நாள், பழனிக்கு மூன்று நாள் என்று நம் வழிபாடுகள் நீளமாக இருப்பதன் பலன் இதுவாக இருக்கலாம். விழுங்கியது செரிக்க நேரம் வேண்டுமல்லவா?

இனி மூன்று எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் எஞ்சினியர் அல்ல.

ஒன்று, வழிபாடு மருந்துக்குப் பதில் ஆகாது. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுவது சாதாரணம் அல்ல. 2024-ல் ஏறப் போனவர்களில் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் இறந்த செய்திகளை நாம் அடுத்தடுத்துப் படித்தோம். இதய நோய், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. விரத நாளிலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. அப்பாவின் பக்கவாதத்துக்கு நாங்கள் முருகனையும் வேண்டினோம், பிசியோதெரபியும் விடாமல் செய்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

இரண்டு, போட்டி. காவடியின் உயரம், அன்னதானத்தின் செலவு, மலை உச்சியில் எடுத்த போட்டோவை உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது. மற்றவர் பார்ப்பதற்காகச் செய்யும்போது காரணம் திரும்பவும் வெளியே போய்விடுகிறது. டெசியின் புதிர்க் கட்டையில் காசு செய்த வேலையை இங்கே லைக் செய்கிறது.

மூன்று, பிள்ளைகள். இதைப் பெற்றோர்களான முன்னாள் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். "கும்பிடலைன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்த்தால் பிள்ளை கும்பிடும். ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதமே நிறுத்திவிடும், அல்லது வாழ்நாள் முழுதும் பயந்துகொண்டே கும்பிடும். என் மகளுக்கு ஏழு வயது. அவள் பாட்டி விளக்கேற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் உட்காராமல் விளையாடப் போய்விடுவாள். அம்மா அவளைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடச் சொல்லி எனக்கே சில நாள் தோன்றும். அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொள்கிறேன்.

கும்பிடாத நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. என் ஹாஸ்டல் அறைத் தோழன் சுத்தமான நாத்திகன். இன்றைக்கு இதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பாதயாத்திரைக்குச் சாமான் வண்டியை ஓட்டுவது அவன்தான். கொப்புளத்துக்கு மருந்து போடுவதும், ராத்திரியில் ஜனங்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவன் வேலை. "உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, எதுக்கு வர்றே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்கு இவங்க மேல நம்பிக்கை இருக்குதுங்க" என்றான். அவன் காரணம் அவனுடையது. நான் பேசிய அளவுகோலில் அவன் ஐந்தாவது ஆளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான்.

மாணவர்களே, செமஸ்டர் முடிவு வரும்போது ஈச்சனாரி விநாயகர் கோயிலில் உங்கள் கூட்டத்தைப் பார்க்கிறேன். போங்கள். தோப்புக்கரணம் போடுங்கள். அரியர் க்ளியர் ஆக வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நாங்களும் கேட்டவர்கள்தான். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காவிட்டாலும் நான் இதைச் செய்வேனா? கேட்டது கிடைக்காவிட்டாலும் செய்வேனா? செய்து முடித்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நான் கொஞ்சம் மென்மையாக இருக்கிறேனா? மூன்றுக்கும் இன்றைக்கே ஆமாம் என்று பதில் வர வேண்டியதில்லை. எனக்கு முதல் இரண்டுக்கும் பதில் வர மூன்று வருடம் ஆயிற்று. மூன்றாவதுக்கு இன்னும் என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

வருகிற தைப்பூசத்துக்கும் எங்கள் குழு கிளம்புகிறது. நடக்க விரும்புகிறவர்கள் நடக்க வாருங்கள். நடக்க விருப்பம் இல்லாதவர்கள் மோர் ஊற்ற வாருங்கள், சாமான் வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றால் வீட்டில் நிம்மதியாகத் தூங்குங்கள். எதற்காக வந்தீர்கள், எதற்காக வரவில்லை என்று எங்களில் யாரும் கேட்கமாட்டோம்.

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகக் கடைசி வரிசை சைகை காட்டுகிறது.